சலோமி அக்கா அழித்ததும் சொன்னதும்

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சலோமி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் தலைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்து, இடது பக்கம் ஆரம்பிக்கிற நேரம். பனியனோடு வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் மகள் ஜான்சி செல்போனில் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா போய்ட்டாங்க மாமா."

"ஞாயித்துக்கெழமையாச்சேம்மா, சர்ச்சுக்குப் போயிருக்கும்" என்றேன் நான்.

அந்தப் பெண் அழுத அழுகையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. சர்ச்சிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். மாரடைப்பு.

தலையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். மை பாதியில் கழுவப்பட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் காக்கா கறுப்பு, இன்னொரு பக்கம் வெள்ளை, நடுவில் துருப்பிடித்த தகடு நிறம். துக்க வீட்டில் அழுகிற பெண்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்தி என் தலையைப் பார்த்துவிட்டு மறுபடி அழுதார்கள். என்னோடு வேலை செய்கிற ஆபரேட்டர் ஒருவர் என் காதருகே வந்து, "ஏகாம்பரம், இது இன்னாபா, துக்கமா பேஷனா?" என்று கேட்டார். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்திருந்தால் "ச்சீ, கருமம், போய்க் கழுவிக்கினு வாய்யா" என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் தொழிற்சங்க மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எங்கள் முதலாளியின் மச்சான் சாரைப் பற்றி வருகிற இடங்களில் கை வைக்க வேண்டாம். அவர் பெயரை நான் எழுதவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய கார் கம்பெனிக்குக் கதவுக் கீல், பிராக்கெட் எல்லாம் அடித்துக் கொடுக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் அவர்தான் டிஸ்பேட்ச் கிளார்க். எந்த லாரியில் என்ன சாமான் போகிறது என்று பேப்பர் போட்டு அனுப்புவது அவர் வேலை. நான் பேக்கிங். அவர் மேஜைக்கும் என் மரப்பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு கம்பி வலைதான் தடுப்பு. அதனால் அவரை அதிகமாகக் கிண்டல் செய்த ஆளும் நான்தான், அவரிடம் அதிகமாகத் திட்டு வாங்கிய ஆளும் நான்தான்.

அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. டீக்கடை கிளாஸ் என்றால் அருவருப்பு. வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவருவார். எச்சில் தொட்டுப் பேப்பர் புரட்டுகிற சூப்பர்வைசர் கொடுக்கிற ரசீதை ஸ்கேலால் தள்ளித்தான் எடுப்பார். "அக்கா, பேசாம ஆஸ்பத்திரில வேலைக்குப் போயிருக்கலாம்" என்பேன். "அங்க உன்னை மாதிரி ஆளுங்களைத் தொடணுமே" என்பார். இதை வைத்து அவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஓடமாட்டார். நின்று கழுவுவார். அவர் அடிக்கடி சொன்ன பேச்சு இதுதான்: "அழுக்கு இருந்தா தொடை. தொடைக்க முடியலன்னா வாயைத் தொறந்து சொல்லு. பாத்துக்கினே சும்மா போவாத."

எங்கள் ஷாப்பின் கக்கூஸ் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்குக் கதவு என்று ஒன்று இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் என்று ஒன்று வரும். எப்போது என்று தெரியாது. மற்றதை எழுதினால் மலரைச் சாப்பிடும் நேரத்தில் படிக்க முடியாது. பேக்கிங்கில் வேலை செய்த பெண்கள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமலே ஷிப்டை ஓட்டுவார்கள். அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் முதலாளி ஷாப்பைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, "சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு போய் அந்தக் கதவின் முன்னால் நிறுத்தினார். "உள்ள போய்ட்டு வாங்க சார். கதவை நான் புடிச்சிக்கிறேன்."

முதலாளி உள்ளே ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு நேராகக் காருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் கொத்தனார் வந்துவிட்டார். "சார் போன வேகத்துக்கு கொத்தனாரும் கூடவே ஓடியாந்துருப்பாரு போல" என்று நான் சொன்னதற்கு அக்கா சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம் என்பதால் குறித்துவைக்கிறேன்.

இப்போது லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் பெரிய கம்பெனியில் ஒரு புதுச் சட்டம் வந்தது. இனிமேல் லாரியோடு பேப்பர் வந்தால் போதாது. லாரி கேட்டுக்கு வருவதற்கு முன்னால் பேப்பர் கம்ப்யூட்டர் ஒயர் வழியாக வந்திருக்க வேண்டும். வராவிட்டால் லாரி வெளியே நிற்கும். எங்கள் ஆபீசில் டெலிபோன் லைனோடு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டிஸ்பேட்சில் ஒன்றும் இல்லை. மச்சான் சாருக்கு அந்தச் சமயம் புது லேப்டாப் வந்ததால், அவருடைய பழைய லேப்டாப் அக்காவின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. சூளைச் செங்கல் மாதிரி கனம். மூடியில் ஒரு வேல் ஸ்டிக்கர். மச்சான் சார் மாதம் தவறாமல் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறவர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் விபூதி, லேப்டாப்பிலும் விபூதி.

விபூதி மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அக்கா அந்த விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். முறுக்குத் துண்டு விழுந்தது. முடி விழுந்தது. கடைசியாக ஒரு நகம் விழுந்தது. முழு நகம், பிறை வடிவத்தில். அக்கா ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மனுசனாய்யா இந்த ஆளு?"

"கால் நகமாத்தான்கா இருக்கும். கை நகம் இவ்ளோ தடியா இருக்காது" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

"ச்சீ, போய்யா அந்தாண்ட!"

ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி, டெட்டாலில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு எழுத்தின் இடுக்கையும் துடைத்தார். அன்று முதல் தினமும் காலையில் அதற்கு அந்த மரியாதை நடந்தது.

அந்த லேப்டாப்பை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்க, மெட்ராஸ் சர்வீஸ் கடையிலிருந்து சுடலைமுத்து என்று ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயசிலேயே முன்வழுக்கை. லேப்டாப்பின் விலாவில் மேலும் கீழுமாக இரண்டு சந்து உண்டு. கீழே இருந்ததில் சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் தடியான ஒரு கார்டைச் செருகினார். கார்டின் வெளிப்புறத்தில் எலிவால் மாதிரி ஒரு குட்டி ஒயர். அந்த வாலில் ஆபீசிலிருந்து இழுத்த கேபிளை மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"இது வெறும் தகடுக்கா" என்று அக்காவுக்கு விளக்கினார் முத்து. "இதுக்கும் மெஷினுக்கும் நடுவுல பேசிக் குடுக்கதுக்கு உள்ள சில ஃபைல் கெடக்கு. அதத்தான் டிரைவருங்கோம். அது இருக்கிற வரைக்கும் வெளக்கு எரியும், பேப்பர் போவும்." தொலைந்த ஃபைலைத் தேடி எடுப்பது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் வினையாகப் போயிற்று.

சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு வியாழக்கிழமை பெரிய கம்பெனிக்காரர்கள், வளைந்துபோன ஒரு பிராக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அக்கா அதை எங்கோ சேமித்துவிட்டு எங்கே என்று மறந்துவிட்டார். முத்து சொல்லிக்கொடுத்தபடி, மெஷினுக்குள் இருக்கிற படங்களையெல்லாம் தேடச் சொல்லி ஒரு பித்தானை அழுத்தினார். நீளமான பட்டியல் வந்தது. முதலில் இருந்ததைத் திறந்தார்.

"ஏசப்பா!" என்று ஒரு கத்தல்.

பாம்பு என்று நினைத்துக்கொண்டு நான் கட்டையோடு ஓடினேன். அக்கா எழுந்து நின்று, லேப்டாப்பின் மேல் பேக்கிங் ஷீட்டைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார், அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல. முகம் கன்றிப்போயிருந்தது.

"இன்னாக்கா? எலியா?"

"எலியா இருந்தா தேவலையே." சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "அந்த விபூதிக்காரன் உள்ள இன்னா இன்னா வச்சிருக்கான் தெரியுமா? பொம்பளைங்க படம்யா. துணியில்லாம" என்றார்.

நான் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கப் போனேன். என் கையில் ஸ்கேலால் ஒரு அடி விழுந்தது. நியாயமான அடிதான்.

அந்தப் படங்களை மச்சான் சார் சாமர்த்தியமாக ஒளித்துவைத்திருந்தார். மெஷின் தன்னுடைய சொந்தச் சாமான்களை வைத்திருக்கிற இடத்தில், மெஷின் வைக்கிற பெயர் மாதிரியே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, நல்ல ஃபைல்களின் நடுநடுவே செருகியிருந்தார். அக்கா ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். திறந்து பார்க்கவில்லை, தேடல் பட்டியலில் வந்த பெயரை வைத்தே அழித்தார். நான் வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை அழித்ததும் அதற்கு மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் சேர்த்து அழித்தார். அடுத்ததற்கும் அப்படியே.

"அக்கா, பக்கத்துல இருக்கிறது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"கூடையில ஒரு தக்காளி அழுவினா நீ இன்னா பண்ணுவ? அது ஒண்ணை மட்டுமா எடுப்ப? ஒட்டிக்கினு கீற ரெண்டையும் சேர்த்துத்தானே கடாசுவ?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. காய்கறி விஷயத்தில் இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கடைசியில் மெஷினின் குப்பைத்தொட்டியையும் கொட்டிக் காலி செய்தார். பிறகு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை எல்லா எழுத்தையும் துடைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப்பை ஆன் செய்தால், கார்டின் வாலில் விளக்கு எரியவில்லை. திரையில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி. நான் ஐந்தாவது வரை படித்ததில் ஆச்சரியக்குறி என்றால் சந்தோஷம். இங்கே அது கோளாறாம். பேப்பர் போகவில்லை. லாரி கேட்டுக்கு வெளியே நின்றது. பைக்கில் ஒரு ஆளை ஓடவிட்டுப் பேப்பரைக் கையில் கொடுத்து, கெஞ்சி, லாரியை உள்ளே விடவைத்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து இந்தக் கெஞ்சலுக்கும் இடம் இல்லை என்று கேட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

முதலாளி டிஸ்பேட்சுக்கே வந்து நின்றார். "எம்மா சலோமி, திங்கக்கிழமை காலையில பேப்பர் போவணும். போவலன்னா ஆர்டர் போய்டும். எனக்கு வேற வழி இல்ல, இந்த சீட்டுக்கு வேற ஆளைப் போட்ருவேன்" என்றார். அவருக்குப் பின்னால் மச்சான் சார் வருத்தமான முகத்தோடு தலையாட்டினார். டிப்ளமா முடித்த அவருடைய சொந்தக்காரப் பையன் ஒருவன் படப்பையில் சும்மா இருந்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் முதுகுவலியோடு வீட்டில் படுத்திருந்தார் என்பதும், ஜான்சி நர்சிங் முதல் வருஷம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

முத்து வந்தார். கார்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகினார். மஞ்சள். கீழ்ச் சந்தில் இருந்ததை மேல் சந்தில் செருகினார். மஞ்சள். கார்டின் பெயரையே மெஷினிலிருந்து நீக்கிவிட்டு, அணைத்துப் போட்டார். புதிதாக ஒரு கார்டைக் கண்டுபிடித்துவிட்டதாக மெஷின் குதூகலமாக அறிவித்தது. பிளாப்பியைக் கொடு என்று கேட்டது. கொடுத்தால் தின்றுவிட்டு மறுபடி மஞ்சள். அந்தப் பெட்டியைப் போல நன்றி கெட்ட ஒரு ஜந்துவை நான் பார்த்ததில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், அணைத்துப் போடச் சொல்லும், போட்டால் முதலில் இருந்தே ஆரம்பிக்கும். கட்டையால் ஒரு அடி கொடுக்கலாமா என்று கேட்டேன். முத்து யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"யக்கா, நேத்து எதும் செஞ்சியளா? எதையாவது அழிச்சிய, மாத்துனிய?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மரப்பெட்டியைப் பார்த்தேன். "இல்ல தம்பி" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஸ்கிராப் தகடு கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"பக்கத்துத் தக்காளியில ஏதோ ஒண்ணுதான்யா அது. எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா இன்னா? வாயை மூடிக்கினு இருக்கா. முத்து இன்னொரு கார்டு எடுத்தாரப் போயிருக்காரு. புதுசு போட்டா ஓடிரும். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓடலன்னா?"

"அப்பச் சொல்லிக்க."

"இன்னான்னுய்யா சொல்லுவேன்? நாலு ஆம்பளைங்க நடுவுல நின்னுக்கினு அந்தக் கருமத்தை எந்த வாயால எடுப்பேன்? வச்சவனை ஒருத்தனும் கேக்க மாட்டான். பாத்தவ பேருதான் நாறும். சர்ச்சுல, தெருவுல, எம்பொண்ணு காலேஜுல, எல்லா இடத்திலயும் நாறும்."

நானும் என் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். இரண்டு பேரும் ஸ்கிராப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முத்து இரண்டாவது கார்டைக் கொண்டுவந்து முதலாளியின் அறையிலேயே லேப்டாப்பை வைத்துச் செருகினார். அதுவும் மஞ்சள். முத்துவின் முகம் சுருங்கிவிட்டது. புதுக் கார்டும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு கார்டில் இல்லை. சந்துதான் எரிந்துபோயிருக்க வேண்டும், போர்டே போயிருக்கலாம் என்றார். எதனால் என்று முதலாளி கேட்டார். ஈரம் இறங்கியிருந்தால் அப்படி ஆகும் என்றார் முத்து.

மச்சான் சார் காத்திருந்ததுபோல ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன் மாமா. அந்தம்மா தெனம் டெட்டாலை ஊத்தி ஊத்தித் தொடைக்குது. மிஷின் இன்னாத்துக்கு ஆவும்? பொம்பளைங்க கையில குடுத்தா அடுப்பங்கரை மாதிரிதான் வச்சிருப்பாங்க. சுத்தம்ங்கிறது வெளிய இல்ல மாமா, மனசுல இருக்கணும். நம்ம பையனைத் திங்கக்கிழமை வரச் சொல்லிடறேன்."

நான் பெட்டிக் கணக்குச் சொல்ல வந்தவன், கதவோரமாக நின்றிருந்தேன். அக்கா டேபிளின் முன்னால் நின்றார். மனசு, சுத்தம் என்கிற இரண்டு வார்த்தையும் அந்த வாயிலிருந்து வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நகம் விழுந்தபோது இருந்த அதே முகம். ஆனால் பின்னால் போகவில்லை, ஒரு அடி முன்னால் வந்தார்.

"சார், ஈரம் எறங்கல. நான் உள்ள போய் ஃபைலை அழிச்சேன். அதான் கோளாறு. நேத்து இந்தத் தம்பி கேட்டப்ப இல்லன்னு சொன்னேன், அது பொய்யி."

"என்ன ஃபைலுக்கா?" என்றார் முத்து.

"பேரு தெரியாது தம்பி. அதுக்குப் பக்கத்துல இருந்தது."

"எதுக்குப் பக்கத்துல?"

அக்கா மச்சான் சார் பக்கம் கையைக் காட்டினார். "அதை இவரைக் கேளு. வச்சவரு இவரு. நான் பொறுக்கித் தூர எறிஞ்சவ."

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "இன்னாபா வச்சிருந்த?"

"ஒண்ணுமில்ல மாமா. பேமிலி போட்டோ. ஊட்டி போனப்ப எடுத்தது."

"ஊட்டியில அவ்ளோ குளிரு சார்" என்றார் அக்கா. "அந்தப் பொண்ணுங்க மேல ஒரு சால்வைகூட இல்ல."

முத்து லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு மச்சானிடம், "நீ வெளிய போ" என்றார். "முத்து, மிஷினைப் பாருப்பா."

"இத நேத்தே சொல்லிருக்கலாம்லாக்கா" என்றார் முத்து. "ரெண்டு கார்டும் நல்ல கார்டுதான். சந்தும் நல்ல சந்துதான். எந்தக் கார்டு போட்டாலும் நடுவுல கெடக்க வேண்டிய ஃபைல்லா போயிருக்கு." எப்படி அழித்தீர்கள் என்று கேட்டார். அக்கா தக்காளி முறையைச் சொன்னார். அந்த மனிதர் வழுக்கையைத் தடவிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஒரு அழுகலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணா! மெட்ராஸ்ல ஒரு பயலுக்கும் இப்படி ஒரு கோளாறு வந்திருக்காதுக்கா." பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டு, அதில் இருந்த பட்டியலையும் மெஷினில் இருந்த பட்டியலையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்து, இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். சாயந்திரம் ஷிப்ட் மணி அடிப்பதற்குள் மஞ்சள் வட்டம் போய்விட்டது. எலிவாலில் பச்சை எரிந்தது. திங்கட்கிழமை முதல் லாரிக்கு முன்னால் பேப்பர் போய்ச் சேர்ந்தது.

அக்கா பயந்தபடி அவர் பெயர் நாறவில்லை. பேக்கிங் பெண்கள் அவரைச் சுற்றி வந்து, "சால்வையை இன்னொரு தபா சொல்லுக்கா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மச்சான் சார் அதற்குப் பிறகு டிஸ்பேட்ச் பக்கம் வரவில்லை. அந்த நாற்காலி போன மாதம் வரை அக்காவுடையதாகத்தான் இருந்தது.

அடக்கத்தன்றைக்கு மச்சான் சார் வந்தார். எல்லோரையும்விடப் பெரிய மாலை அவருடையது. வந்தவர் சும்மா போயிருக்கலாம். நாலு வார்த்தை பேசுகிறேன் என்று கல்லறைப் பக்கம் நின்றுகொண்டு, சலோமியம்மா தூய்மையான உள்ளம் கொண்டவர் என்றார். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாத அவருக்குத் தன் சொந்த லேப்டாப்பைக் கொடுத்து, கூடவே இருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது தான்தான் என்றார். எங்கள் ஷாப் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். செத்தவரின் பக்கத்தில் நின்றுகொண்டு, செத்தவர் வாயைத் திறக்கமாட்டார் என்கிற தைரியத்தில் பேசுகிற பேச்சைப் போல நாற்றம் பிடித்தது எதுவும் இல்லை. அந்தப் பழைய கக்கூஸ் எவ்வளவோ மேல். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின் நடுவில் கத்தினால் அக்காவுக்கே பிடிக்காது. அதனால் அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதியிருக்கிறேன். லேப்டாப் அவருடையதுதான். அதில் இருந்த அழுக்கும் அவருடையதுதான். கற்றுக்கொடுத்தவர் முத்து. சுத்தம் செய்தவர் சலோமி அக்கா. இதை மச்சான் சார் வாங்கிப் படிப்பார் என்று நம்புகிறேன்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. டம்ளரை ஜான்சி வைத்திருக்கிறாள், அதுதான் முறை. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு அடிதான். அருவருப்பானதைப் பார்த்ததும் ஒதுங்காமல், ஒரு அடி முன்னால் போய், யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது. நாற்பது வயசுக்கு மேல் அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை படப்பை பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். சில்க் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், வாயில் இருந்த பான்பராக்கைக் குடிநீர்த் தொட்டியின் மேலேயே துப்பினார். நான் ஒரு அடி முன்னால் போய், "ச்சீ, மனுசனாய்யா நீ?" என்றேன். மேலும் நாலு வார்த்தை சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. அவர் தொட்டியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அவர்தான். எங்கள் வீட்டில் அவர் காபி குடிக்கவில்லை. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். கேசரி நிறைய மிச்சமாகிவிட்டது. அதை நாங்களே சாப்பிட்டோம்.